ஆமை ஓட்டைக் கெடுக்கும் வீட்டு நிழல்

வளர்ப்பு ஆமையின் ஓடு கோணுவதும் கால் தளர்வதும் பெரும்பாலும் ஒரே நோயின் விளைவு. எலும்பில் சேர வேண்டிய கால்சியம் சேராமல் போகிறது. ஏற்கெனவே சேர்ந்ததும் கரைந்து வெளியேறுகிறது. ஊரில் நிலவும் நம்பிக்கையோ வேறு. ஆமைக்கு எதுவும் ஆகாது, போட்டதைத் தின்றுவிட்டு மூலையில் கிடந்தே நூறு வயது வாழும். ஓடு நெளிந்தால் கால்சியம் மாத்திரையைப் பொடித்துப் போட்டால் போதும் என்கிறார்கள். இதன் இரண்டு பாதியும் தவறு. ஆமைகள் கண்ணெதிரே முடமாவதை யாரும் கவனிக்காமல் விடுவதற்கு இந்த நம்பிக்கையே காரணம்.

ஓடு என்பது உடம்பின்மேல் கவிழ்த்துவைத்த மூடி அல்ல. விலா எலும்புகளும் முதுகெலும்பும் விரிந்து இணைந்து உருவானது அது. அதன்மேல் நகத்தைப் போன்ற பொருளாலான தகடுகள் படிந்திருக்கின்றன. அடியில் இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் உண்டு. எலும்பு மெலிந்தால் ஓடும் காலும் தாடையும் சேர்ந்தே மெலிகின்றன. முற்றிய நிலையில் வயிற்றுப்பக்க ஓட்டைப் பெருவிரலால் மெல்ல அழுத்தினால் அது உள்வாங்கும். பின்னங்கால்கள் உடலைத் தூக்க மாட்டாமல் பக்கவாட்டில் விரிய, ஆமை வயிறு தரையில் உரச நகரும். இதைச் சோம்பல் என்றும், ஆமை என்றால் மெதுவாகத்தானே போகும் என்றும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

கால்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏற வைட்டமின் டி3 வேண்டும். ஆமை அதைத் தன் தோலிலேயே, வெயிலில் உள்ள புறஊதா பி கதிரைக் கொண்டு ஆக்கிக்கொள்கிறது. அந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. சன்னலோரத் தொட்டியில் வெளிச்சம் எவ்வளவு விழுந்தாலும் இந்த வேலை நடப்பதில்லை. டி3 இல்லாமல் கால்சியத்தை மட்டும் கொட்டினால் பெரும்பகுதி கழிவோடு போய்விடும். இரத்தத்தில் கால்சியம் குறையக் குறைய, பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து அதை உருவி ஈடுசெய்கிறது. ஓடு இளகுவது இப்படித்தான்.

இத்தனைக்கும் போடிக்குத் தெற்கே ராசிங்காபுரம் பக்கத்தில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் கிடக்கும் இந்த மானாவாரிப் பூமியைப் போன்ற வறண்ட புதர்க்காடே வீடுகளில் வளர்க்கப்படும் நட்சத்திர ஆமைக்கு இயல்பான இடம். அப்படிப்பட்ட உயிரை இருட்டறையில் வைத்து, மருந்துக்கடையில் வெயிலுக்கு மாற்று தேடுவது பெருங்கொடுமை.

உணவிலும் இதே கதைதான். பாலும் சோறும் ஆமையின் உணவே அல்ல. வாழைப்பழத்தில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். இருக்க வேண்டிய விகிதத்துக்கு நேர் எதிர். பாலக்கீரையின் ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடுகிறது. தரையில் முளைக்கும் புல்லும் பூண்டும், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள முருங்கைக் கீரையும் வீட்டு வாசலிலேயே கிடைக்கின்றன.

ஓட்டின் தகடுகள் கூம்பு கூம்பாக எழும்புவதைப் புரதம் மிகுந்ததன் விளைவு என்றே வெகுகாலம் நம்பினார்கள். வியன்னாவில் ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகளை வைத்துச் செய்து 2003இல் வெளியான ஆய்வு, காற்றில் ஈரப்பதம் குறைவதே அதைவிடப் பெரிய காரணம் என்று காட்டியது. நட்சத்திர ஆமைக்கு இயல்பிலேயே ஓரளவு மேடு உண்டு. அதைச் சாக்காக வைத்து எல்லாக் கோணலையும் பிறவி அழகு என்பது பொய்.

சிகிச்சை எக்ஸ்ரேயிலும் இரத்தப் பரிசோதனையிலும் தொடங்க வேண்டும். கால் தளர்ச்சிக்கு முட்டை அடைப்பு, சிறுநீர்ப்பைக் கல், சிறுநீரக நோய், விழுந்து தண்டுவடத்தில் பட்ட அடி என்று வேறு காரணங்களும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடியாது. எலும்பு மெலிவு உறுதியானால் மருத்துவர் உடல் எடைக்கேற்ற அளவில் கால்சியம் தருவார். டி3 அளவு மீறினால் இரத்தக்குழாயிலும் சிறுநீரகத்திலும் கால்சியம் படிந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதால் கைக்கணக்கு கூடாது. கூடவே தடுப்பில்லாத வெயில் வேண்டும், ஒதுங்க நிழலும் இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் ஆமை வெந்துபோகும். தாடை உயரம் மட்டும் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் விடுவது நீர்ச்சத்தைக் காக்கும். ஓட்டில் எண்ணெய் பூசுவதால் எலும்புக்கு எந்தப் பயனும் இல்லை. தேறப் பல மாதங்கள் ஆகும். கால் வலுப்பெறலாம், புதிதாக வளரும் ஓடு சீராக வரலாம். கோணிய பகுதி பழைய வடிவத்துக்குத் திரும்பாது.

இதில் சட்டமும் உண்டு. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் அதை முதல் அட்டவணையில் சேர்த்தது. 2019இல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலின் முதல் இணைப்புக்கும் அது உயர்த்தப்பட்டது. ஆமை இருந்தால் பணம் சேரும் என்று வாங்குபவரே ஆமைக் கடத்தலுக்குச் சந்தை. கையில் இருக்கும் ஆமையை மலையடிவாரத்தில் விட்டுவிட்டு வருவதும் தீர்வல்ல: கால் ஊன்ற முடியாதது இரை தேடாது, தொற்றுநோய் இருந்தால் அது காட்டு ஆமைகளுக்கும் பரவும். துணி விரித்த, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். இதுவரை என்ன தின்றது, எங்கே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவருக்கு முதலில் தேவைப்படும் விவரம் அதுதான்.