அறையே புதிராகட்டும்

விளையாட்டு உருவாக்கக் கற்றுக்கொள்ள ஜொகூர் மோசமான இடமல்ல. ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வரைகலை, மல்டிமீடியா மென்பொருளுக்கெனத் தனிப் பட்டப்படிப்பும், மேஜிக்-எக்ஸ் என்ற ஆய்வு மையமும் இருக்கின்றன. இஸ்கண்டார் புத்திரியில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் திரைக்கலைப் புலம் இயங்கி வந்திருக்கிறது. இத்தகைய இடங்களில் ஒரு மாணவர் குழு இறுதியாண்டு புராஜெக்டுக்கு மிக்ஸட் ரியாலிட்டி புதிர் விளையாட்டு செய்யப் புறப்பட்டால், இன்று கருவி பெரிய தடையாக இருக்காது. 2016-இல் மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் தலைக்கருவி 3,000 டாலர். 2024-இல் மெட்டா க்வெஸ்ட் 3எஸ் வந்தபோது ஏறக்குறைய 300 டாலர். முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் எல்லோருக்கும் இலவசம். விளையாட்டை இயக்கும் யூனிட்டி மென்பொருளை மாணவர்கள் காசில்லாமல் பயன்படுத்தலாம். சிக்கல் வேறொன்று. இத்தகைய முயற்சிகளில் தொழில்நுட்பம் இருக்கும், புதிர் இருக்கும், இடம் மட்டும் இருக்காது.

மிக்ஸட் ரியாலிட்டியில் ஆடுபவரின் கண் முன்னால் அவருடைய சொந்த அறை தெரிகிறது. தலையில் மாட்டிய கருவி தரை, சுவர், மேசை என அளந்து வைத்துக்கொண்டு, இல்லாத பொருள்களை இருக்கும் பொருள்களின் மீது நிறுத்துகிறது. அப்படியொரு வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, நடுக்காற்றில் ஒரு பெட்டி, அதில் நான்கு இலக்கப் பூட்டு, விடை கண்டால் எகிப்தியக் கல்லறை திறக்கும் என்று எழுதினால் என்ன பயன்? அதை வெளியே எதுவும் தெரியாத மெய்நிகர்க் கண்ணாடிக்குள்ளும் ஆடலாம், கைபேசியிலும் ஆடலாம். சுற்றியுள்ள அறை வெறும் பின்னணிப் படம்.

இதற்கு மாற்றுவழி தெரியாமல் இல்லை. ஹோலோலென்ஸின் தொடக்ககாலத்தில், 2016-இல், பிரான்ஸின் அசோபோ நிறுவனம் ‘ஃப்ராக்மென்ட்ஸ்’ என்ற துப்பறியும் விளையாட்டை வெளியிட்டது. அது முதலில் வீட்டு அறையை அளக்கும். பிறகு தடயங்களை அந்த அறைக்கு ஏற்றபடி ஒளித்து வைக்கும். கதாபாத்திரங்கள் உங்கள் சோபாவில் வந்து உட்காருவார்கள். அதற்கும் முன்னால், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், ஆட்ரியன் டேவிட் சியோக்கின் குழு 2000-களின் தொடக்கத்தில் ‘ஹ்யூமன் பேக்மேன்’ செய்தது. முதுகில் கணினி, தலையில் திரை, இடம் காட்ட ஜிபிஎஸ். வெளியில் நிஜமாக நடந்து, நிஜமாகத் துரத்த வேண்டும். அதே சியோக் பின்னாளில் இஸ்கண்டார் புத்திரியில் இமாஜினியரிங் இன்ஸ்டிடியூட்டை நடத்தினார். ஆக, இந்தத் துறை ஜொகூருக்கு அந்நியமே அல்ல.

மாணவர் குழு தடுக்கி விழும் இடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். உருவாக்கம் நடப்பது ஆய்வுக்கூடத்தில்: விசாலமான தரை, சீரான வெளிச்சம். புதிருக்கான ஒரு கல்லை அறையின் கிழக்கு மூலையில் வை என்று நிரலில் எழுதிவிடுகிறார்கள். ஆடப்போகிறவனோ விடுதி அறையில் இருக்கிறான். இரண்டு கட்டில், ஒரு மேசை, நாற்காலி முதுகில் ஈரத்துண்டு. கிழக்கு மூலை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கல்லும் போயிற்று, புதிரும் போயிற்று. இடத்தைக் குறித்து எழுதுவதற்குப் பதிலாக விதியாக எழுதினால் இந்தத் தொல்லை வராது. ‘இடுப்பு உயரத்தில் ஒரு பரப்பைத் தேடு, அதிலிருந்து மூன்று அடி தள்ளி ஒரு சுவர் இருந்தால் அங்கே நிழலை விழச்செய்’ என்று எழுதினால், ஒவ்வோர் அறையும் தன் புதிரைத் தானே அமைத்துக்கொள்ளும். எழுதுவது கடினம்தான். ஆனால் மதிப்பெண் தர வேண்டியது அந்த உழைப்புக்குத்தான்; பளபளக்கும் மாதிரி உருவங்களுக்கு அல்ல.

கருவிக்கும் குணக்கேடுகள் உண்டு. வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்தால் தான் எங்கிருக்கிறோம் என்று தெரியாமல் அது தடுமாறும். மங்கிய வெளிச்சம் ஆகாது. கண்ணாடி என்றால் சொல்லவே வேண்டாம், பிம்பத்தை இன்னோர் அறை என்று நம்பிவிடும். லட்சக்கணக்கான கண்ணாடித் துண்டுகள் பதித்த ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கோவிலுக்குள் இதைக் கொண்டுபோனால் என்ன பாடுபடும் என்று கற்பனை செய்து பார்க்கலாம்! நொடிக்கு 72 பிரேம் ஓட வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 14 மில்லிநொடிகூடக் கிடைக்காது. தவறினால் ஆடுபவருக்குத் தலைசுற்றும். இவ்வளவுக்கும் நடுவே ஐந்து பேருக்கு ஒரு கருவி என்றால் நான்கு பேர் வேடிக்கைதான் பார்க்க முடியும். அதனால் அட்டைப்பெட்டி, நூல், ஒட்டுத்தாள் வைத்து முதலில் அறையிலேயே புதிரை நடித்துப் பார்க்கலாம். ஒருவர் கருவியாக நின்று, ‘இப்போது கதவு திறக்கிறது’ என்று வாயால் சொன்னால் போதும். அப்படி ஆடிச் சுவைக்காத புதிர் கருவிக்குள் போனாலும் சுவைக்காது.

கதைக்கு எகிப்து வரை போக வேண்டியதும் இல்லை. மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’ ஒரு புதிர்ச் சுரங்கம். இந்தியாவின் கெலிங் நாட்டு அரசன் ராஜா சூரான் சீனாவை வெல்லப் படையோடு கிளம்பி, ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டையுள்ள கெலாங்கியைப் பிடிக்கிறான். ராஜேந்திர சோழனின் 1025 கடற்படையெடுப்பின் நினைவு இதில் கலந்திருப்பதாகக் கருதுவோர் உண்டு. சூரான் தெமாசெக் (இன்றைய சிங்கப்பூர்) வந்து சேர்ந்ததும் சீனர்கள் ஒரு கப்பலை அனுப்புகிறார்கள். அதில் துருப்பிடித்த மெல்லிய ஊசிகள், காய்த்த மரங்கள், பல் விழுந்த கிழவர்கள். சீனா எவ்வளவு தூரம் என்று கேட்டால், ‘புறப்படும்போது நாங்கள் சிறுவர்கள், இந்த மரங்கள் விதைகள், இந்த ஊசிகள் கை பருமனுள்ள இரும்புக் கம்பிகள்’ என்கிறார்கள். அரசன் படையைத் திருப்பிவிடுகிறான். பொருள்களை வைத்தே ஒருவனை நம்பவைக்கும் இதைவிட நல்ல புதிரை எந்த ஸ்டூடியோ எழுதித் தரும்? பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலுக்கடியில் இன்னோர் உலகத்தைப் பார்க்க இறங்குகிறான் சூரான். தலைக்கருவியை இதைவிட அழகாக யாரும் முன்கூட்டிச் சொன்னதில்லை.

கெலாங்கிக் கோட்டை இருக்கும் இடம் தெரிந்துவிட்டதாக 2005-இல் பெரும் பரபரப்பு எழுந்தது. மறு ஆண்டு அதிகாரிகள் சான்று எதுவும் இல்லை என்றார்கள். வரலாற்றாசிரியருக்கு அது ஏமாற்றம். விளையாட்டு எழுதுபவருக்கோ வாய்ப்பு: யாரும் பார்க்காத கோட்டையை ஆடுபவரின் அறைச்சுவரிலேயே கல் கல்லாக எழுப்பலாம். ஆனால் புனைவைப் புனைவென்று சொல்லிவிட்டே ஆட வேண்டும். மாணவர் செய்த விளையாட்டை நாளைக்கு யாராவது ஆதாரமாக நீட்டிவிடக் கூடாது.

விரிவுரையாளர்களிடம் ஒரு கோரிக்கை. இறுதி மதிப்பீட்டை ஆய்வுக்கூடத்தில் நடத்தாதீர்கள். குழு முன்பின் பார்த்திராத மூன்று அறைகளில் விளையாட்டை ஓடவிட்டு மதிப்பெண் போடுங்கள். ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. வகுப்பு முடிந்த மாலையில் ஒரு வகுப்பறை கேட்டால் தலைமையாசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். ஆடிப் பார்க்கப் பிள்ளைகளும் அங்கேயே கிடைப்பார்கள்.