கூப்பன் வேண்டாம், காசைக் கொடு!

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் போன வாரம் நம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் கப்பல் டிக்கெட், பணம் கட்டிய பில், பாஸ்போர்ட் நகல்!

மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூர் போய், அங்கே சொகுசுக் கப்பல் ஏறியிருக்கிறார். பினாங்கு, புக்கெட் இரண்டு ஊரையும் காட்டுவதாகப் பேச்சு. பணம் கட்டியது மதுரையில், ஒரு டிராவல்ஸ் ஏஜெண்டிடம். இரண்டு தீபாவளி வியாபாரத்தில் மிச்சம் பிடித்த பணம்.

கப்பல் பினாங்கோடு திரும்பிவிட்டது. புக்கெட் பக்கமே போகவில்லை. "கடல் நிலைமை சரியில்லை" என்று ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு. அவ்வளவுதான். கப்பலில் இருந்த ஆபீசில் போய்க் கேட்டார். "கரையில் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள்" என்றார்கள். ஊருக்கு வந்து ஏஜெண்டைப் பிடித்தார். "கப்பல்ல அப்படித்தாண்ணே நடக்கும். நான் என்ன செய்ய?" என்றாராம்.

எழுதினார். பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. புக்கெட் துறைமுகக் கட்டணம் மட்டும் திருப்பித் தருவார்களாம். அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது. மற்றபடி அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி கூப்பன். அதையும் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும்!

"அடுத்த கப்பலுக்கு நான் எங்கிட்டுப் போக? இந்தக் கடனே இன்னும் முடியல" என்கிறார் கடைக்காரர்.

* கூப்பன் வித்தை

இது அவர் ஒருவர் கதை அல்ல. கப்பல் கம்பெனிகள் உலகம் முழுக்க ஆடும் ஆட்டம். கூப்பன் கொடுத்தால் காசு கம்பெனியிலேயே தங்கும். பயணி மறந்துவிட்டால் லாபம். மறக்காமல் வந்தால் கூப்பனுக்கு மேல் இன்னும் பணம் போட்டு ஏறுவார். அதுவும் லாபம். 2020-ல் கொரோனா வந்து கப்பல்கள் எல்லாம் நின்றபோது பல பெரிய கம்பெனிகள், "காசாக வேண்டுமா? கூப்பனாக வாங்கினால் நூற்றுக்கு நூற்றிருபத்தைந்து தருகிறோம்" என்று ஆசை காட்டின. ஏன் என்று யோசித்துப் பாருங்கள்!

கூட்டமாகக் கூச்சல் போட்டால் மட்டும் காசு வருகிறது. 2013 பிப்ரவரியில் 'கார்னிவல் டிரையம்ப்' என்ற கப்பலில் எஞ்சின் அறை தீப்பிடித்து, நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மெக்சிகோ வளைகுடாவில் தவித்தார்கள். கக்கூஸ்கூட வேலை செய்யவில்லை. டெலிவிஷன் கேமராக்கள் கரையில் காத்து நின்றன. கம்பெனி முழு டிக்கெட் பணம், தலைக்கு 500 டாலர், இன்னொரு பயணத்துக்கான வரவு என்று இறங்கி வந்தது. அதே ஆண்டு மே மாதம் கப்பல் கம்பெனிகளின் சங்கம் பயணிகள் உரிமைப் பட்டியல் ஒன்றையே வெளியிட்டது. எந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுப் பணமும் உண்டு என்று அதில் இருக்கிறது. ஆனால் துறைமுகத்தைத் தவிர்த்தால்? அதற்கு இப்படி ஒரு வரியும் கிடையாது.

* நம் கடலிலும்தான்

2022 ஜூன் 4-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். கார்டிலியா கம்பெனியின் கப்பல். விசாகப்பட்டினம் போய், புதுச்சேரி தொட்டு, சென்னை திரும்பும் பயணமும் பட்டியலில் இருந்தது. கப்பலில் சூதாட்டக் கூடம் இருக்கிறது என்று புதுச்சேரியில் எதிர்ப்புக் கிளம்பியது. அரசு அனுமதி கொடுக்கவில்லை. கப்பல் புதுச்சேரியைத் தொடாமலே திரும்பியது. 2025 ஜூலையில்தான் அந்தக் கம்பெனியின் பயணிகள் சிறு படகில் புதுச்சேரிக் கரை ஏற முடிந்தது.

சூதாட்டம் நல்லதா கெட்டதா என்ற பேச்சு தனி. டிக்கெட் கொடுக்கும் நாளில் துறைமுக அனுமதி கையில் இருந்ததா, இல்லையா? இதை எந்த அதிகாரியும் கேட்பதாகத் தெரியவில்லை. அனுமதி வராத துறைமுகத்தின் பெயரைப் போட்டு டிக்கெட் விற்கக் கூடாது என்று கப்பல் துறை ஓர் உத்தரவு போட்டால் பாதித் தகராறு தீரும்.

சொகுசுக் கப்பல் பணக்காரர் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 14-ந் தேதி பிரதமர் காணொலியில் தொடங்கி வைத்தார். முதல் நாள் 50 பேர் போனார்கள். ஒரே வாரத்தில் மழைக்காலம் என்று நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' கப்பல் வந்தது. அதுவும் காற்று மழைக்கு நின்று நின்றுதான் ஓடியது. யாழ்ப்பாணத்தில் சொந்தம் இருப்பவர் மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறி நாகப்பட்டினம் போய் இறங்கிய பிறகு, "இன்னைக்குக் கப்பல் இல்லை" என்றால் என்ன செய்வார்? டிக்கெட் பணம் திரும்பி வரலாம். பஸ் காசு, லாட்ஜ் வாடகை, கடை அடைத்த நாள் கூலி யார் தருவார்?

புயலுக்கு யாரும் கேஸ் போட முடியாது. 1964-ல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைப் பார்த்த ஜனங்கள் நாம். உயிரைக் காக்க கேப்டன் கப்பலைத் திருப்பினால் அவர் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும். ஆனால் போகாத ஊருக்கு வாங்கிய காசு வேறு கணக்கு. முதல் நாளே ரத்து என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அதுவும் வேறு கணக்கு.

* மதுரையிலேயே போடலாம்

டிக்கெட்டுக்குப் பின்னால் பொடி எழுத்தில், "வழக்கு என்றால் இன்ன ஊர்க் கோர்ட்டில்தான்" என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்தே பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டே அந்தப் பொடி எழுத்து செல்லும் என்று சொல்லிவிட்டது. வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி, உள்ளூர் ஏஜெண்டிடம் டிக்கெட் வாங்கியவர்கள், நாட்டின் மறு கோடியில் இருக்கும் புளோரிடாவில்தான் வழக்காட வேண்டும் என்றது தீர்ப்பு.

நம் சட்டம் அப்படி இல்லை! 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே, தொழில் செய்யும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. மதுரைக்காரர் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் தானே வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற நம்பருக்கு போன் போட்டும் புகார் சொல்லலாம்.

கம்பெனி சிங்கப்பூரில் இருக்கிறதே என்றால், காசை எண்ணி வாங்கிய ஏஜெண்டு இங்கேதானே இருக்கிறார்? அவரையும் எதிர்தரப்பில் சேருங்கள். கமிஷன் வாங்கும்போது "நான் என்ன செய்ய" என்று அவர் கேட்கவில்லையே! எதற்கும் ரத்து அறிவிப்பை அன்றைக்கே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூப்பனில் கையெழுத்துக் கேட்டால், "இத்தோடு கணக்கு முடிந்தது" என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுப் போடுங்கள். அப்படி இருந்தால் போட வேண்டாம்.

நம் ஜவுளிக்கடைக்காரர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பயணம் முடிந்து ஏழு மாதம்தான் ஆகிறது. பில்லில் ஏஜெண்டின் ரப்பர் ஸ்டாம்பு பளிச்சென்று இருக்கிறது. திங்கட்கிழமை மனுவோடு போகிறார்.