பங்கு போட்டு வாங்கினால் திருட்டா?

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் என் தங்கை வீடு. ஒரே வளவில் மூன்று வீடுகள், மூன்றும் அண்ணன் தம்பி குடும்பங்கள். போன டிசம்பரில் காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் போயிருந்தேன். களத்து ஓரத்தில் வளவுப் பையன்கள் நான்கு பேர் ஒரு நீள நோட்டை விரித்து வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் கேம். விலை 3,599 ரூபாய், ஆளுக்கு 900. எதிர்ப் பக்கத்தில் எந்தக் கிழமை யாருடைய முறை என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தை மட்டும் மூன்று தடவை அடித்துத் திருத்தியிருந்தார்கள்.

சேலத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேய், இது திருட்டுடா. ஒருத்தன் வாங்கி நாலு பேர் ஆடினா மூணு பேர் காசு கம்பெனிக்கு நஷ்டம்தானே?" பையன்கள் முகம் சுருங்கிப்போனது. சின்னவன் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

இது அவர் ஒருவருடைய கருத்து என்றால் விட்டிருப்பேன். படித்தவர்கள், நல்லவர்கள், பைரசியை மனதார வெறுப்பவர்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது தவறு. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல். ஒருவர் கைவசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுப்பதைத்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவு திருட்டு என்கிறது. இங்கே கடை கேட்ட விலை முழுசாகக் கொடுக்கப்படுகிறது. பகிர்ந்து ஆடுவதற்கான வாசலைத் திறந்து வைத்ததும் கடைக்காரர்கள்தான். கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் 2013-லேயே குடும்பப் பகிர்வைக் கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் அதைத் திருத்தி, ஒரு வீட்டில் ஆறு பேர் வரை அவரவர் கணக்கிலிருந்தே மற்றவர் வாங்கிய கேம்களை ஆடலாம் என்று முறைப்படுத்தியது. ஒரே கேமை ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆட வேண்டுமென்றால்தான் இரண்டு பிரதி வேண்டும். பையன்கள் நோட்டில் கட்டம் கட்டி எழுதிய முறையும் இதேதான்.

பகிர்வை அடைக்கப் பார்த்த கதையும் உண்டு. 2013-இல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கேம் கருவி வெளிவருவதற்கு முன்னால், டிஸ்க்கில் வாங்கிய கேமைக்கூட நண்பருக்கு ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம், அதுவும் அவர் முப்பது நாளாவது நட்புப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும் என்று அறிவித்தது. உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் கொதித்தார்கள். ஜூன் 19 அன்று நிறுவனம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கேமை இரவல் கொடுப்பது ஆடுகிறவர்களுக்கு மிக முக்கியம் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்கு நம் ஊர்ப் பையன்களுக்கு மட்டும் ஏன் அது குற்றமாக வேண்டும்?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். "ஒரே வீட்டார்" என்பது ஸ்டீமின் நிபந்தனை. எங்கள் வளவில் ரேஷன் கார்டு மூன்று, அடுப்பும் மூன்று. ஆனால் வாசல் ஒன்று, களம் ஒன்று. சாயங்காலம் நாலு பையன்களும் எந்த வீட்டில் சாப்பிடுவார்கள் என்று அவர்கள் அம்மாக்களுக்கே தெரியாது. இதை ஒரு வீடு என்பதா, மூன்று வீடு என்பதா? கடல் கடந்து எழுதப்பட்ட விதிக்கு வளவு என்ற சொல் தெரியாது. அதற்காக விதியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒருவர் கணக்கின் பாஸ்வேர்டை இன்னொருவருக்குக் கொடுப்பது ஒப்பந்தத்தை மீறுவதுதான். நிறுவனம் அந்தக் கணக்கையே முடக்கலாம். ஆனால் ஒப்பந்த மீறல் வேறு, திருட்டு வேறு. பதினைந்து வயதுப் பையனைத் திருடன் என்று கூப்பிடுவதற்கு முன் இந்த வித்தியாசத்தை யோசிக்க வேண்டும்.

அடுத்தது, "உழைத்தவன் வயிற்றில் அடிக்கிறீர்கள்" என்ற வாதம். பங்கு போடாவிட்டால் நாலு பேரும் தனித்தனியாக வாங்கியிருப்பார்கள் என்ற கற்பனையில்தான் அந்த மூன்று பேர் நஷ்டம் பிறக்கிறது. 3,599 ரூபாய் என்பது காப்பிப் பழம் பறிக்கிறவருக்கு ஒரு வாரக் கூலிக்கும் மேல். இந்த வளவில் ஒருவன்கூடத் தனியாக வாங்கியிருக்க மாட்டான். கிராக் செய்த கேம்கள் நிரம்பிய ஹார்ட் டிஸ்க் கைக்குக் கை மாறுகிறது, அதிலிருந்து இறக்கிக்கொண்டிருப்பார்கள். அப்போது உழைத்தவனுக்குக் கிடைப்பது பூஜ்யம். பங்கு போட்டால்தான் முழு விலை போய்ச் சேரும்.

ஒருவர் வாங்கி இருவர் ஆடினால் தொழில் படுத்துவிடும் என்பதற்கு நேர்மாறான சாட்சியும் இருக்கிறது. ஹேஸ்லைட் என்ற ஸ்வீடன் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட "இட் டேக்ஸ் டூ" இருவர் சேர்ந்து மட்டுமே ஆடக்கூடிய கேம். ஒருவர் வாங்கினால் போதும், கூட ஆடுகிற நண்பர் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று தயாரித்தவர்களே வசதி செய்து கொடுத்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த கேம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

மலையில் இன்னொரு செலவும் உண்டு. "ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2" கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடம் கேட்கும். நாளுக்கு 2 ஜிபி டேட்டாவில் இறக்கினால் எழுபத்தைந்து நாள். அதனால் சேலத்தில் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் ஒருவன் இறக்கி, ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து, இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறி வருவான். கோப்பு கையில் இருந்தாலும், காசு கொடுத்து வாங்கிய அனுமதி கணக்கில் இல்லாமல் கேம் திறக்காது. பையன்கள் ஆளுக்கு 900 ரூபாய் கொடுப்பது அந்த அனுமதிக்குத்தான்.

"காசில்லை என்றால் ஆடாமல் இருக்கட்டுமே" என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஆட்டை நாலு வீட்டார் சேர்ந்து பிடித்து, அறுத்துக் கூறு போட்டு எடுத்துப் போகிற ஊர் இது. கிரிக்கெட் பேட்டும் அப்படித்தான் வாங்கினோம்.

"கடைசியில் சண்டையில்தான் முடியும்" என்று சொல்கிறார்களே, அந்த வாதத்துக்கு மட்டும் நான் மரியாதை கொடுப்பேன். சண்டை வரும். ஆனால் அதற்குக் காரணம் பங்கு போடுவது அல்ல, பங்கை எழுதி வைக்காததுதான். மலைக்குக் கீழே குப்பனூர்ப் பக்கத்துப் பத்திரங்களைப் பாருங்கள். கிணற்றில் நாலில் ஒரு பாகம், அதிலுள்ள மோட்டார் பம்புசெட்டில் நாலில் ஒரு பாகம் என்று எழுதியிருக்கும். தண்ணீருக்கு முறையும் உண்டு. தகராறு வந்தால் பத்திரம் பேசும். கேமுக்கு அப்படிப் பத்திரம் கிடையாது. நாலு பேர் காசு போட்டாலும் கணக்கு ஒருவன் பேரில்தான். அவனுக்கும் அது சொத்து இல்லை, ஆடுவதற்கான உரிமம் மட்டுமே. இதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா போட்ட சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. யூபிசாஃப்டின் "தி க்ரூ" கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கிய எல்லோருக்கும் அன்றோடு ஆட்டம் முடிந்தது. விற்கிற பக்கம் இப்படி இருக்கும்போது, பங்கு போட்ட பையனிடம் நியாயம் கேட்பது எனக்கு ஆறவில்லை.

முகம் தெரியாதவர்களிடம் 300 ரூபாய்க்குப் பாஸ்வேர்டு வாங்கும் வியாபாரத்தை நான் ஆதரிக்கவில்லை. அது பங்கு இல்லை. அங்கே ஒரே கணக்கை எத்தனை பேருக்கு விற்றான் என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் கேட்க ஆளில்லை.

அன்றைக்குச் சின்னவன் என்னிடம் கேட்டான்: "மாமா, அப்போ வாங்கலாமா, வேண்டாமா?" அவனுக்குச் சொன்னதையே மற்ற தம்பிகளுக்கும் சொல்கிறேன். வாங்குங்கள். பாஸ்வேர்டைக் கைமாற்றாதீர்கள், ஸ்டீமின் குடும்பக் குழுவில் அவரவர் கணக்கோடு சேருங்கள். ஒருவன் விலகினால் அவன் இடத்தில் ஒரு வருஷத்துக்கு வேறு ஆள் சேர முடியாது. ஏமாற்றி ஆடி ஒருவன் மாட்டினால் தடை கேம் வாங்கியவன் கணக்கின் மேலும் விழும். அதனால் கணக்கு யார் பேரில், யார் எவ்வளவு போட்டது, பாதியில் போகிறவனுக்கு எவ்வளவு திருப்பித் தருவது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பிடிக்காமல் போனால், வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரம் முடிவதற்குள் நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஆடிப் பாருங்கள்.