புள்ளிவிவரத்துக்கு வெள்ளைக் கோட்டு மாட்டினா அறிவியல் ஆகிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. அமெரிக்காவுல பிள்ளைங்க வேலை பார்க்குற டெல்டா குடும்பங்களும், "வடக்கன் வந்து ஊரே கெட்டுப்போச்சு"ன்னு ஃபார்வர்டு அனுப்புற நண்பர்களும் பொறுமையா படிங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் எழுதுறேன்.

2025 செப்டம்பர் 19 அன்னைக்கு டிரம்ப் ஒரு உத்தரவு போட்டார். வெளிநாட்டுல இருந்து புதுசா ஒருத்தரை எச்-1பி விசாவுல எடுக்கணும்னா கம்பெனி 1 லட்சம் டாலர் கட்டணும். நம்ம பக்கத்துல பல வீடுகள்ல அன்னைக்கு ராத்திரி தூக்கம் இல்லை.

"என்ன டாக்டர், திடீர்னு இப்படிப் பண்ணிட்டாங்க?"ன்னு கேட்கிறாங்க.

திடீர் இல்லைங்க. குடியேற்றத்தைக் குறைக்கணும்னு அறிக்கை எழுதி, நாடாளுமன்றக் குழு முன்னாடி சாட்சி சொல்லி, டிவியில பேசி, 40 வருஷத்துக்கு மேலா அங்க சில அமைப்புகள் வேலை செய்யுது. திங்க் டேங்க்னு சொல்வாங்க.

இதுல முக்கியமான ஆள் ஒரு டாக்டர். ஜான் டேன்டன். மிச்சிகன் மாநிலத்துல பெடாஸ்கிங்கிற சின்ன ஊர்ல கண் மருத்துவர். 1979-ல 'ஃபேர்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதுல இருந்து 1985-ல 'சென்டர் ஃபார் இமிக்ரேஷன் ஸ்டடீஸ்' பிறந்தது. எச்-1பி எண்ணிக்கையைக் குறைக்கணும்னு ரெண்டும் பல வருஷமா சொல்லிட்டு வருது.

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். யார் வரணும், எத்தனை பேர் வரணும்னு முடிவு பண்ற உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. எச்-1பி-யைத் தப்பா பயன்படுத்துற ஏஜென்சிகள் இருக்குறதும் உண்மை. அந்த மையமும் "நாங்க இனம் பார்க்கலை, எண்ணிக்கைதான் பேசுறோம்"னு சொல்லுது.

ஆனா அமெரிக்காவுல ஐரோப்பிய வம்சாவளியினர் தெளிவான பெரும்பான்மையா இருக்கணும்னு 1993-ல டேன்டன் கடிதமே எழுதியிருக்கார். ஃபேர் அமைப்புக்கு 10 லட்சம் டாலருக்கு மேல நிதி கொடுத்தது 'பயனியர் ஃபண்ட்'. 1937-ல தொடங்கின அந்த நிதியத்தோட முதல் தலைவர் ஹாரி லாஃப்லின்.

யார் இந்த லாஃப்லின்? 1920-கள்ல அமெரிக்க நாடாளுமன்றக் குடியேற்றக் குழுவுக்கு 'யூஜெனிக்ஸ் நிபுணர்'. மனநலக் காப்பகம், சிறைன்னு அங்கெல்லாம் இருக்குற வெளிநாட்டுக்காரங்களைக் கணக்கெடுத்தார். "இவங்க ரத்தமே தரம் குறைஞ்சது"ன்னு அட்டவணை போட்டுக் கொடுத்தார். குடியேறி வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பெரியவங்க, சொந்தநாட்டு மக்கள்தொகையில குழந்தைகளும் சேர்த்தி. குழந்தைங்க சிறைக்குப் போறதில்லை. அந்தக் கணக்கு எப்படி நேராகும்?

ஆனா சட்டம் வந்துடுச்சு. 1924. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களுக்கே கதவு பாதி சாத்தப்பட்டது. இந்தியர்களுக்கு 1917-லயே சாத்தியாச்சு. 1946-ல திறந்தப்பவும் வருஷத்துக்கு 100 பேர். 1965 சட்டத்துக்கு அப்புறம்தான் நம்ம ஆளுங்க பெருமளவுல போக முடிஞ்சது.

பழைய கதைன்னு விடமுடியாது. 2013-ல ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், ஆவணமில்லாதவங்களை அங்கீகரிச்சா 6.3 லட்சம் கோடி டாலர் செலவாகும்னு அறிக்கை விட்டது. அதை எழுதின இருவர்ல ஒருத்தர், குடியேறிகளோட ஐ.க்யூ குறைவுன்னு ஆய்வேடு எழுதினவர்னு தெரிஞ்சதும் ராஜினாமா பண்ண வேண்டியதாச்சு.

சரி, சீர்காழிக்கு வருவோம்.

நம்ம வயல்ல இப்போ மேற்கு வங்கத்துக்காரங்க நடவு நடுறாங்க. கட்டட வேலை, ஹோட்டல் வேலையிலயும் வடமாநிலத்தவங்க. "இவனுங்களாலதான் மலேரியா வருது டாக்டர்"னு சொல்றவங்க உண்டு.

மலேரியா அதிகமுள்ள மாநிலத்துல இருந்து வர்றவங்க உடம்புல கிருமி இருக்கலாம். உண்மை, மறைக்கக் கூடாது. அதனாலதான் சுகாதாரத்துறை அவங்க தங்குற இடத்துக்கே போய் ரத்தம் எடுக்குது. ஆனா தேடிப் போய் டெஸ்ட் எடுக்குற இடத்துல கேஸ் அதிகமாத்தான் தெரியும். எத்தனை பேருக்கு டெஸ்ட் எடுத்தோம்னு சொல்லாம எத்தனை பாசிட்டிவ்னு மட்டும் சொன்னா, அது லாஃப்லின் கணக்கு.

அவங்களைப் பயமுறுத்தினா என்ன ஆகும்? காய்ச்சலை மறைப்பாங்க, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாங்க, மாத்திரையைப் பாதியில விடுவாங்க. கொசு ஆதார் கார்டு பார்த்துக் கடிக்காதுங்க. அடுத்த காய்ச்சல் நம்ம வீட்டுல.

2023 மார்ச் ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளர்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு போலி வீடியோக்கள் பரவுச்சு. "நாலு வீடியோவை வச்சு தமிழர் எல்லாரையும் கொலைகாரன்னு சொல்றதா?"ன்னு நமக்குக் கோபம் வந்துச்சுல்ல? அந்தக் கோபம் நியாயம். அதே நியாயம் நம்ம நாத்து நடுற தொழிலாளிக்கும் உண்டு. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி மலாயா போன நம்ம ஆளுங்களைப் பத்தியும் ஒரு காலத்துல இப்படித்தான் பேசினாங்க.

இனிமே இந்த மாதிரி அறிக்கையோ ஃபார்வர்டோ வந்தா, மருந்துக் கம்பெனி கொண்டுவர்ற ஆய்வை நாங்க பார்க்குற மாதிரி மூணு கேள்வி கேளுங்க.

1. எத்தனை பேர்ல இத்தனை பேர்?

2. பணம் கொடுத்தது யார்?

3. செலவை மட்டும் எண்ணினாங்களா, அவங்க உழைப்பையும் கட்டுற வரியையும் எண்ணினாங்களா?

டெக்சாஸ்ல உங்க பையனுக்கு எந்த அளவுகோல் வேணும்னு நினைக்கிறீங்களோ, உங்க வயல்ல நிக்கிற பையனுக்கும் அதையே வைங்க.



எம்.பி.பி.எஸ்., அரசு மருத்துவர்
சீர்காழி