காலி ஜீப் ஏன் அதிர்கிறது?

'கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. நாலு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறோம். மரவள்ளிக் கிழங்கு, சாமை மூட்டை, குடும்பம் எல்லாம் அதில்தான் போய்வருகிறது. மலை இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சி ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் அடித்தட்டும் சீட்டும் உறுமலோடு அதிர்கின்றன. இரண்டு வருடமாக இதே தொல்லை. டயர் மாற்றி, வீல் பேலன்ஸ் பார்த்து, கிராஸ் ஜாயின்ட்டை இரண்டு முறை மாற்றியாயிற்று. கிழங்கு ஏற்றினால் மட்டும் அதிர்வு அடங்கிவிடுகிறது. இப்போது கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இந்த வருடக் கிழங்குப் பணம் மகளின் கல்லூரிக்கு என்று வைத்திருப்பது. இறக்கலாமா?

பின்குறிப்பு: பாரம் தாங்குவதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறோம்.'

- ஒரு வாசகர், கல்வராயன் மலை

இறக்க வேண்டாம். கேள்வியைவிட உங்கள் பின்குறிப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு வருவதற்கு முன், அதிர்வு எதனுடைய வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் உதிரி மாற்றினால் கடைக்காரருக்குத்தான் வரவு.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, 50 கிலோமீட்டரில் இன்ஜின் எவ்வளவு இரையுமோ அவ்வளவு இரைய விடுங்கள். அதிர்ந்தால் இன்ஜின், அல்லது அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட். அதிரவில்லை என்றால், ஆளில்லாத சமவெளி ரோட்டில் அதே 50-ஐ ஒருமுறை டாப் கியரிலும் ஒருமுறை மூன்றாவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் மாறும். அதிர்வு மாறாமல் அதே வேகத்தில் வந்தால் இன்ஜினையும் கிளட்ச்சையும் சந்தேகப்பட வேண்டாம். கியர்பாக்ஸ் மீதான சந்தேகமும் பெரும்பாலும் விலகிவிடும். அடுத்து அதே வேகத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் அதிர்ந்தால், குற்றவாளி ஷாஃப்ட், அதன் கோணம், பின் ஹவுசிங்கின் பினியன் ஆகியவற்றுக்குள் இருக்கிறது. இதையெல்லாம் சமவெளியில் மட்டும் செய்யுங்கள். மலை இறக்கத்தில் நியூட்ரல் போடுவது பரிசோதனை அல்ல, தற்கொலை.

உடம்புக்குத் தெரிகிற அடையாளமும் உண்டு. உங்கள் ஜீப் 50-இல் ஓடும்போது சக்கரம் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 6 சுற்று சுற்றும். அதைச் சுற்றவைக்கும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் 30 சுற்றுக்கு மேல் சுற்றும், ஏனென்றால் பழைய ஜீப்புகளில் ஷாஃப்ட் ஏறக்குறைய ஐந்து முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். எனவே சக்கரக் கோளாறு ஸ்டியரிங்கைத் தடதடவென்று மெதுவாக ஆட்டும். ஷாஃப்ட் கோளாறு உறுமலாக சீட்டுக்கு வரும். நீங்கள் எழுதியிருப்பது உறுமல். டயர் மாற்றியும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

(ஆனாலும் ரிம்மின் உட்புறத்தைக் கழுவிவிட்டுப் பாருங்கள். மழைக்காலத்துச் செம்மண் உள்ளே ஒட்டிக் காய்ந்தால் பேலன்ஸ் போய்விடும். நான் ஒருமுறை அந்த மண்ணுக்காக இரண்டு டயர் வாங்கியவன்.)

இன்னொன்று. உங்களுடையதைப் போன்ற ஜீப்பில் முன்சக்கர ஹப்பில் பிரித்துவிடும் வசதி இல்லை என்றால், ஃபோர் வீல் போடாதபோதும் முன் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, டூ வீலில் வைத்து ஓட்டிப் பாருங்கள். பட்டறையில் அரைமணி நேர வேலை. அதிர்வு போய்விட்டால் கோளாறு முன்னால், போகவில்லை என்றால் பின்னால். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கிற வகைக் கார்களில் இப்படிக் கழற்றி ஓட்டக் கூடாது. காய்ந்த தார் ரோட்டில் பிடிப்புக்காக ஃபோர் வீல் போட்டு ஓட்டுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க முடியாமல் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு, கிராஸ் தேயும்.

இனி உங்கள் பட்டைக்கு வருவோம். கிராஸ் ஜாயின்ட் நேராக இருக்கும்போது சீராகச் சுற்றும். கோணமாக வளைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரி வளைவில் இந்த ஏற்ற இறக்கம் மேலும் கீழும் 1.5 சதவீதம்தான். 20 டிகிரியில் 6 சதவீதம். கோணம் இரண்டு மடங்கானால் குலுக்கல் நாலு மடங்கு. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருந்தால், முன் கிராஸ் செய்யும் கோளாறைப் பின் கிராஸ் சரிசெய்துவிடும். கூடுதல் பட்டை போட்டதும் காலி வண்டியின் பின்புறம் உயர்ந்துவிட்டது, ஷாஃப்டின் சாய்வு கூடிவிட்டது. பட்டைக்கட்டு வளைந்து உட்காரும் விதத்தில் ஹவுசிங்கும் கொஞ்சம் திரும்பியிருக்கலாம். கிழங்கு ஏற்றியதும் வண்டி பழைய உயரத்துக்கு இறங்குகிறது, அதிர்வும் அடங்குகிறது. கியர்பாக்ஸ் கெட்டிருந்தால் பாரத்தில் சத்தம் கூடத்தான் செய்யும், அடங்காது.

இதை உறுதிசெய்யக் கொத்தனாரின் ரசமட்டமோ, கோணம் காட்டும் செல்போனோ போதும். சமதரையில், சக்கரங்கள் தரையில் நிற்க (ஜாக்கியில் தூக்கினால் கோணமே மாறிவிடும்), டிரான்ஸ்பர் கேஸ் முனை, ஷாஃப்ட், பினியன் முனை ஆகிய மூன்றின் சாய்வையும் அளக்கச் சொல்லுங்கள். முதலாவதற்கும் ஷாஃப்டுக்கும் உள்ள வித்தியாசமும், ஷாஃப்டுக்கும் பினியனுக்கும் உள்ள வித்தியாசமும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். பிறகு கிழங்கு மூட்டையை ஏற்றி மறுபடி அளங்கள்.

அளக்கும்போதே ஷாஃப்டைக் குனிந்து பாருங்கள். அதன் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவை இருக்கும். இரண்டு கவையும் ஒரே நேரில் இருக்க வேண்டும். கிராஸ் மாற்றும்போது நடுவிலுள்ள பல்வரிசை இணைப்பை உருவி, ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டாலே போதும், புது கிராஸும் அதிரும். பெரும்பாலான ஷாஃப்டில் இதற்காக அம்புக்குறி இருக்கும். கிரீஸைத் துடைத்தால் தெரியும்.

கோணம்தான் காரணம் என்றால் முதல் வேலை, அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்றுவது. யூ போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்குங்கள். பட்டை வேண்டவே வேண்டும் என்றால் ஹவுசிங்குக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துப் பினியனின் சாய்வைத் திருத்தலாம். தடித்த பக்கம் முன்னாலா பின்னாலா என்பதை அளவுதான் சொல்ல வேண்டும், கண் அல்ல. என்னைக் கேட்டால் பட்டையைக் கழற்றி, பாரத்தைக் குறைத்துக்கொள்வதே மேல். பட்டை கூட்டினால் ஸ்பிரிங் மட்டும்தான் பலப்படுகிறது. பிரேக் அதே பழைய பிரேக்தான்.

'அடங்கிவிடுகிறதே, அப்படியே ஓட்டலாமே' என்று விட்டுவிடாதீர்கள். இந்த அதிர்வு பினியன் ஆயில் சீலையும் டிரான்ஸ்பர் கேஸ் பேரிங்கையும் தின்றுவிடும். கிராஸ் உடைந்து பின் ஷாஃப்ட் கழன்றால், இறக்கத்தில் கியர் பிடித்து நிறுத்தும் பலம் அந்த நொடியே போய்விடும். பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸின் பின்முனையில் ஷாஃப்டைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். ஷாஃப்ட் போனால் அதுவும் போச்சு. கொண்டை ஊசி வளைவில் குடும்பத்தோடு, கால் பிரேக் ஒன்றை மட்டும் நம்பி இறங்க வேண்டியிருக்கும். உங்களுடையது எந்த வகை என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். கிளட்ச்சை விடும்போது அடியில் 'டக்' என்று கேட்டாலோ, கிராஸைச் சுற்றித் துருப்பொடி தெரிந்தாலோ, சரிசெய்யும்வரை மலை ஏற வேண்டாம்.

காலி வண்டியில் மூன்று அளவு, பாரத்தோடு மூன்று அளவு. ஆறையும் எழுதி அனுப்புங்கள், எவ்வளவு ஆப்பு தேவை என்று சொல்கிறேன். கியர்பாக்ஸ் அதுவரை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.