ஒத்தி வீடும் வட்டியும்

கருங்குழியிலும் மதுராந்தகத்திலும் வீடு தேடிச் செல்வோரிடம் முதலில் கேட்கப்படுவது, "வாடகைக்கா, லீஸுக்கா?" என்பதே. செங்கல்பட்டு, மறைமலைநகர்ப் பக்கம் வேலைக்குச் செல்லும் நம் குடும்பங்களில் பலரும் இரண்டாவதையே விரும்புகின்றனர். மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டால் மாதவாடகை இல்லை. காலம் முடிந்ததும் கொடுத்த பணம் முழுமையாகத் திரும்பி வந்துவிடும். நட்டமே இல்லாத ஏற்பாடு என்று மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சியில்தான் சிக்கல் இருக்கிறது.

மூன்று இலட்சம் ரூபாய்க்கு இரண்டாண்டு ஒத்தி என்று வைத்துக்கொள்வோம். அதே வீட்டின் மாதவாடகை ஐயாயிரம் என்றால், 24 மாதங்களில் 1,20,000 ரூபாய் பெறுமானமுள்ள குடியிருப்பை நாம் அனுபவித்திருப்போம். மூன்று இலட்சமும் குறைவின்றிக் கைக்கு வரும். திருப்பித் தரவேண்டிய பணம் கடனே. அதற்குப் பெயர் லீஸ் என்பதால் அதன் தன்மை மாறிவிடாது. கடன் கொடுத்தவர் அதன் பேரில் நிபந்தனையாகப் பெறும் பயன் வட்டியே என்பது ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு. வங்கி வட்டியைத் தொடமாட்டோம் என்று உறுதியாயிருக்கும் வீடுகளிலும் இது தாராளமாக நடக்கிறது. பெரிய முன்பணம் பெற்றுக்கொண்டு அதற்காக வாடகையைக் குறைப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

மார்க்கத்தை ஒருபுறம் வைத்துப் பார்த்தாலும், கொடுத்தவரின் நிலை பாதுகாப்பானதன்று. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலுமான அனுபோக அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். நம்மில் எத்தனை பேர் சார்பதிவாளர் அலுவலகம் சென்றிருக்கிறோம்? ஒரு முத்திரைத்தாளும் இரண்டு கையெழுத்தும் போதுமென்று மகளின் திருமணத்திற்குச் சேர்த்த பணத்தையும், வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணத்தையும் ஒப்படைத்துவிடுகிறோம். வீட்டுக்காரர் அதைச் செலவழித்துவிட்டு, அடுத்த ஆள் வந்தால்தான் தரமுடியும் என்கிறார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான். ஓதுகிறோம், எழுதுவதில்லை.

வாடகை (இஜாரா) முற்றிலும் ஆகுமானது. இதற்கெனத் தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. பேரூராட்சிகளும் அதன் எல்லைக்குள் வருவதால் கருங்குழிக்கும் அது பொருந்தும். எழுத்து மூலமான ஒப்பந்தமும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் கட்டாயம். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்திற்குள், உரிய பிடித்தம் போக அதைத் திருப்பித் தரவேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து வெளியேற்ற முயல்வதும் குற்றமாகும். முன்னறிவிப்பின்றி உரிமையாளர் உள்ளே நுழையவும் இடமில்லை. அனுமதி பெறாமல் பிறர் வீட்டுக்குள் நுழைவதை அந்நூர் அத்தியாயம் முன்பே தடுத்திருக்கிறது. வாடகைக்கு விட்ட பின் அது பிறர் வீடுதான் என்பதைச் சாவிக்கொத்தை இடுப்பில் வைத்திருக்கும் சில உரிமையாளர்கள் ஏற்க மறுக்கின்றனர்.

குடியிருப்போருக்கும் கடமை உண்டு. வீடு அவர்களிடம் அமானிதம். வாடகையை இழுத்தடிப்பதும், முன்பணத்தில் கழித்துக்கொள்ளட்டும் என்று கடைசி மாதங்களில் வாடகையை நிறுத்துவதும், சொல்லாமல் உள்வாடகைக்கு விடுவதும் உடன்படிக்கையை மீறுவதே.

பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று மறுக்கப்பட்டு நம் மஹல்லாவுக்கே திரும்பி வரும் குடும்பங்கள் உள்ளன. அவர்களுக்கு வேறு வழியில்லை என்பதைக் கண்டு கூடுதலாகக் கேட்பவர் நம்மவராகவே இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உரிமையாளருக்கு மொத்தப் பணம் தேவைப்படுவதும் உண்மை நிலைதான். ஓராண்டு வாடகையை முன்கூட்டியே பெற்றுக்கொள்ள மார்க்கம் தடை சொல்லவில்லை. அது வாடகை; கடனன்று. ஜமாஅத் கூடி கர்ளன் ஹஸனா நிதி ஒன்றை ஏற்படுத்தினால் இன்னும் நலம்.

ஏற்கெனவே ஒத்தியில் இருப்போர் நாளையே வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. இரு தரப்பும் அமர்ந்து நியாயமான மாதவாடகையை முடிவு செய்து, கொடுத்த தொகையில் மாதந்தோறும் அதைக் கழித்துவரட்டும். மீதித் தொகை குடியிருப்பவரின் செல்வமே. நிஸாபை எட்டினால் அதற்கு ஆண்டுதோறும் இரண்டரை சதவீதம் ஜகாத் உண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். உரிமையாளருக்கும் இதில் சுமை குறைகிறது: மேற்சொன்ன கணக்கில், காலம் முடியும் நாளில் அவர் மூன்று இலட்சத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, 1,80,000 கொடுத்தால் போதும்.