கிழித்த டிக்கெட் இருக்கா, சேட்டா?

மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு, பழைய பொருள் ஒன்று கிடைக்கவில்லை என்று புலம்புகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கத்தான் செய்யும். எங்கள் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போனால் ஜூ டவுன். யூதக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போன பிறகு, அவர்கள் வீடுகளிலும் பக்கத்து மிளகுக் கிட்டங்கிகளிலும் பழம்பொருள் கடைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. இடித்த தறவாட்டின் தேக்குத் தூண், சீனப் பரணி, ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற வெண்கல வார்ப்பு, டச்சுக்காரன் காலத்து விளக்கு, எது கேட்டாலும் உண்டு. இல்லையென்றால் அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். அடுத்த வாரம் போனால் முந்நூறு வருடப் பழமையோடு அது தயாராக நிற்கும்.

எனக்கு வேண்டியது முப்பது வருடம்கூட ஆகாத ஒரு கிழித்த டிக்கெட். அது மட்டும் இந்த ஊரில் இல்லை.

1998 ஏப்ரல் 1. கலூர் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஒருநாள் ஆட்டம். அந்த மைதானத்தில் நடந்த முதல் சர்வதேச ஒருநாள் ஆட்டமும் அதுதான். அப்பா பஜார் ரோட்டில் ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முதலாளி போக முடியாமல் போன இரண்டு டிக்கெட் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஏப்ரல் ஒண்ணாம் தேதி எவனாவது மேட்ச் வைப்பானா, யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அம்மா நாங்கள் படியிறங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெட்டியில் போட்டைப் பிடித்து எர்ணாகுளம், அங்கிருந்து பஸ்ஸில் பிதுங்கிக் கலூர்.

அஜய் ஜடேஜா 105 அடித்து அவுட் ஆகாமல் நின்றார். அசாருதீன் 82. மொத்தம் 309. அந்தக் காலத்தில் முந்நூறைத் தாண்டினால் ஆட்டம் முடிந்த மாதிரி. ஆனால் கில்கிறிஸ்ட் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து எங்கள் வரிசையில் பலர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் சச்சின் கையில் பந்து வந்தது. மட்டையால் அன்று அவர் பெரிதாக ஒன்றும் செய்திருக்கவில்லை. ஸ்டீவ் வா போனார், பெவன் போனார், கூடவே இன்னும் மூன்று பேர். பத்து ஓவர், 32 ரன், 5 விக்கெட். ஒருநாள் ஆட்டங்களில் அவருடைய மிகச் சிறந்த பந்துவீச்சு கடைசிவரை அதுவாகவே இருந்தது. 41 ரன்னில் ஜெயித்தோம். வீட்டில் குரலை உயர்த்திப் பேசியே அறியாத அப்பா, தோள் துண்டைச் சுழற்றி மேலே வீசினார். அது திரும்பி வரவே இல்லை. துண்டில்லாமல் போட்டேறி வந்த அவரைப் பார்த்து அம்மா கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

வாசலில் கிழித்துக்கொண்டது போக மிச்சத் துண்டை கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் நோட்டுக்குள் வைத்திருந்தேன். அதே நோட்டில் பிக் ஃபன் பபுள்கம்மில் வந்த ஸ்ரீகாந்த், கபில்தேவ் படங்களும் இருந்தன. பின்பக்கம் ரன், விக்கெட் என்று அச்சிட்டிருக்குமே, அவைதான். 1999 உலகக் கோப்பைக்காக பிரிட்டானியா பிஸ்கெட் உறைகளில் ரன் சேர்த்தோமே, அதில் மாற்றாமல் விட்டவையும் ஒரு கற்றை. வீட்டுக்கு வெள்ளையடித்த ஒரு வருடம் அம்மா அத்தனையையும் ஆக்ரிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டாள். நான் குதித்தபோது, "அஞ்சு ரூபா கூடவேதான் வாங்கினேன்டா" என்றாள். இன்றைக்கும் அதை ஒரு சாமர்த்தியமாகத்தான் சொல்கிறாள்.

அப்பா இப்போது இல்லை. அதனால்தான் அந்தத் துண்டுக் காகிதம்.

சுவரொட்டியைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். மாபெரும் சேகரிப்பாளர் சங்கமம். நாணயம், தபால்தலை, விளையாட்டு நினைவுப் பொருள்கள். 'விளையாட்டு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பந்துப் படம். நடந்து போகிற தூரத்தில் ஓர் ஆடிட்டோரியம். கேரளத்தில் கல்யாண மண்டபத்துக்கு அதுதான் பெயர். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் வாடிக் கிடந்தது, உள்ளே சாம்பார் வாசனை போகவில்லை. நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு கையில் ஒரு முத்திரை குத்தினார்கள். டிக்கெட் கிடையாது! டிக்கெட் தேடி வந்தவனுக்கு நல்ல சகுனம்.

முதல் மேசையில் டச்சுக் கம்பெனியின் செப்புக் காசுகள். 1663ல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். அவர்கள் போய் இத்தனை காலமாகியும் அவர்கள் காசு மட்டும் வற்றவில்லை. 'டொய்ட்' என்ற அந்தக் காசிலிருந்துதான் நம் 'துட்டு' வந்தது என்று அகராதி சொல்கிறது. அந்த மரியாதைக்காக இரண்டு நிமிடம் நின்றேன். அடுத்த மேசையில் கொச்சி ராஜ்யத்தின் வெள்ளிப் புத்தன், திருவிதாங்கூர்ச் சக்கரம். அதற்கடுத்து அஞ்சல் தலைகள். பிரிட்டிஷ் தபாலுக்குப் பக்கத்திலேயே கொச்சி தனியாக 'அஞ்சல்' நடத்தி, 1892ல் தன் பெயரில் தலை வெளியிட்டது. அந்த மேசைக்காரர் ஆல்பத்தைத் திறந்து காட்டிய விதத்திலேயே தெரிந்தது, விஷயம் அறிந்தவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறையெல்லாம் அதற்குப் பிறகு.

"ஸ்போர்ட்ஸ் ஏதாவது இருக்கா, சேட்டா? பழைய மேட்ச் டிக்கெட்?"

"டிக்கெட் இல்லல்லோ. 786 உண்டு."

அடுத்தவரிடம் கேட்டேன். அவரிடமும் 786 இருந்தது. மூன்றாமவர் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பத்து ரூபாய்க் கட்டிலிருந்து ஒன்றை உருவி, கடைசி மூன்று எண்ணை விரலால் காட்டினார். நான்காமவர் என் பிறந்த தேதியைக் கேட்டார், அந்த எண்ணில் நோட்டு தருவாராம். பையில் கிடக்கிற நோட்டை எடுத்து, எண்ணைப் பார்த்து, பல மடங்கு விலை சொல்வதற்குப் பெயர் சேகரிப்பு. சரி, அவரவர் ருசி. ஆனால் அதற்கு ஏன் சுவரொட்டியில் பந்துப் படம்?

பந்து கடைசி வரிசையில் கிடைத்தது. பந்து, மட்டை, ஜெர்சி, எல்லாவற்றிலும் கையெழுத்து. சச்சின், தோனி, பீலே, மரடோனா. நாலு பேரும் ஒரே பேனாவால் போட்டிருந்தார்கள். சச்சின் கையெழுத்தில் ஒவ்வோர் எழுத்தும் காப்பி நோட்டில் எழுதியதுபோல உருண்டையாக இருந்தது. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியே நீட்டிய மட்டையில் எந்த ஆட்டக்காரர் அப்படி நிதானமாக எழுதுவார்? "ஒரிஜினலா?" என்றேன். சான்றிதழை எடுத்து வைத்தார். தங்கக் கரை போட்ட அட்டை. அதில் அவருடைய கடை முத்திரைதான் இருந்தது. தன் பிள்ளைக்குத் தானே நன்னடத்தைச் சான்று கொடுக்கிற மாதிரி.

இதில் நாம் மட்டும் மோசம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1990களில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்று ஒரு வேட்டையே நடத்தி, விளையாட்டு வீரர்களின் கள்ளக் கையெழுத்துப் போடும் கூட்டத்தைப் பிடித்தது. அங்கே சிக்கியவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்தும் ஒன்று. அந்தத் துணிச்சலுக்கு நம் ஆட்கள் இன்னும் வரவில்லை.

ஆனால் அதே அமெரிக்காவில் விளையாட்டு நினைவுப் பொருள்களுக்கென்றே தேசிய அளவில் ஒரு மாநாடு 1980லிருந்து நடக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியது, வருடா வருடம் கூடுகிறது. பேஸ்பால் அட்டை, டிக்கெட், கையுறை என்று அரங்கம் முழுக்க மேசை. நம்மூர் 786க்காரர் அங்கே போனால் மயங்கி விழுவார். 1952ல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதில் வேடிக்கை, அந்த வருடத்து அட்டைகள் விற்காமல் தேங்கியபோது, கிடங்கில் இடமில்லை என்று கம்பெனியே படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டது. இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "பாத்தியா, பெரிய கம்பெனிக்காரனே கடல்ல கொட்டியிருக்கான். நான் அஞ்சு ரூபா கூட வாங்கினேன்" என்றாள்.

விளையாட்டு டிக்கெட் என்று அந்த மண்டபத்தில் நான் கண்டது ஒன்றே ஒன்று. கொச்சி டஸ்கர்ஸ் ஐ.பி.எல். ஆட்டத்து டிக்கெட். 2011ல் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு மறைந்துபோன அணி. டிக்கெட்டை லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். உள்ளே காற்றுக் குமிழ், மூலையில் சிறைப்பட்ட ஓர் எறும்பு. சூடான பிளாஸ்டிக்கில் ஒட்டிய காகிதத்தை இனி எந்தக் கடவுளும் பிரித்தெடுக்க முடியாது. "ஃபங்கஸ் பிடிக்காது சார்" என்றார். இடவப்பாதி மழையில் ராமபாணப் பூச்சியும் பூஞ்சையும் கொச்சியில் காகிதத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? அதற்கு ஒட்டாத உறை இருக்கிறது, பட்டர் பேப்பர் இருக்கிறது. காப்பாற்றுகிறேன் என்று கொன்றுவிட்டு, அதற்கு விலையும் சொல்கிறார்.

இரண்டு பேர்தான் அன்றைக்கு என்னை வீட்டுக்கு அழாமல் அனுப்பிவைத்தவர்கள். ஒருவன், தரையில் சப்பணமிட்டு நண்பர்களோடு 'கிரிக்கெட் அட்டாக்ஸ்' அட்டை மாற்றிக்கொண்டிருந்த பையன். மண்டபத்திலேயே உண்மையாகக் கொடுக்கல் வாங்கல் நடந்தது அந்தத் தரையில்தான். என் பர்ஸில் எப்படியோ தப்பிப் பிழைத்த ஒரு பிக் ஃபன் ஸ்ரீகாந்தைக் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "அங்கிளே, இதுல பவர் எவ்வளவுன்னு போடலையே" என்றான். ஸ்ரீகாந்துக்கு எத்தனை பவர் என்று நான் விளக்க ஆரம்பித்ததும் அவன் மரியாதையாக அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

இன்னொருவர் எழுபது தாண்டிய பெரியவர். கதர்ச் சட்டை, கையில் மடித்த துணிப்பை. ஒவ்வொரு மேசையிலும் நான் கேட்ட கேள்வியையே கேட்டுக்கொண்டு எனக்கு இரண்டு மேசை பின்னால் வந்துகொண்டிருந்தார். கடைசியில் டீ கொடுக்குமிடத்தில் சேர்ந்துகொண்டோம். அவர் தேடுவது 1973 டிசம்பர் 27. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம். கேரளம் முதன்முதலாக சந்தோஷ் டிராபி ஜெயித்த நாள். ரயில்வேயை 3-2ல் வென்றார்கள்; மூன்று கோலும் கேப்டன் மணி போட்டது. "அன்னிக்குக் கூட்டத்துல செருப்பு ரெண்டும் போச்சு மோனே. டிக்கெட் பாக்கெட்ல இருந்துச்சு. சட்டையத் தொவைக்கப் போட்டுட்டாங்க" என்றார். எங்கள் அப்பாவின் துண்டுக் கதையைச் சொன்னேன். அரை மணி நேரம் பேசினோம். அந்தச் சங்கமத்தில் எனக்குக் கிடைத்த விளையாட்டு நினைவுப் பொருள் அவர்தான். விலை ஒரு கட்டன் சாயா.

வீட்டுக்கு வந்து மகனிடம் புலம்பினால், அவன் போனை நீட்டுகிறான். கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து ஆட்டத்துக்கு எடுத்த டிக்கெட்டாம். கட்டம் கட்டமாக ஒரு சதுரம். வாசலில் கருவியைக் காட்டுவார்கள், கூ என்று சத்தம் வரும், முடிந்தது. கிழிக்கவும் ஒன்றுமில்லை, ரெக்கார்ட் நோட்டில் வைக்கவும் ஒன்றுமில்லை. ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறதே என்கிறான். போன மாதம் போன் தண்ணீரில் விழுந்தபோது அவன் ஸ்க்ரீன்ஷாட்டெல்லாம் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. கலூரிலும் 2014ல் மேற்கிந்தியத் தீவுகளோடு ஆடியதோடு சர்வதேச கிரிக்கெட் நின்றுவிட்டது. கால்பந்துத் திடலைத் தோண்டக்கூடாது என்று எழுந்த சண்டையில் அடுத்த ஆட்டம் திருவனந்தபுரம் போனது. ஆக, ஆட்டமும் இல்லை, காகிதமும் இல்லை. கொஞ்ச நாளில், அப்படி ஒரு மேட்ச் நடந்ததா, அதுவும் ஏப்ரல் ஒன்றாம் தேதியா என்று என்னையே கேட்பார்கள்.

அடுத்த சங்கமத்துக்கும் சுவரொட்டி ஒட்டியாயிற்று. இந்தத் தடவை மூலையில் மட்டைப் படமும் சேர்ந்திருக்கிறது. போவேன், வேறென்ன செய்ய? பெரியவரும் வருவார்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் ஏதாவது பழைய பாடப்புத்தகத்தில், பீரோவின் அடித்தாளுக்குக் கீழே, 1998 கலூர் டிக்கெட்டோ 1973 மகாராஜாஸ் டிக்கெட்டோ கிடந்தால், ஆக்ரிக்காரர் வருவதற்குள் எடுத்து ஒரு தாளுக்குள் வையுங்கள். பாதி கிழிந்திருந்தாலும் சரி, கறை பட்டிருந்தாலும் சரி. தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.